பக்கத்துல கிரிட் இல்லாத ஊரு

நான் தர்மபுரிக்காரன், டிப்ளமோ எலக்ட்ரிக்கல். சோலார் கான்ட்ராக்ட் எடுக்கற ஒரு கம்பெனி மூலமா மாலத்தீவுல சில வருஷம் வேலை பார்த்தேன், இப்ப கிருஷ்ணகிரில ரூஃப்டாப் சோலார் போட்டுட்டு இருக்கேன். மாலத்தீவுன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "ரிசார்ட்லயா இருந்தீங்க?" அட போங்க. ரிசார்ட்டுக்கு தனி தீவு, தனி ஜெனரேட்டர், அவங்க கதையே வேற. ஜனங்க குடியிருக்கற தீவுல தகரக் கொட்டாய் மாதிரி ஒரு பவர்ஹவுஸ் இருக்கும், காது அடைக்கிற சத்தம், அதுதான் நமக்கு ஆபீஸ்.

அந்த நாட்டோட நிலம் மொத்தமும் சேர்த்தா சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டுமே 5,000-க்கு மேல. ஆனா அந்த 300-உம் கிட்டத்தட்ட 1,200 தீவா உடைஞ்சு வடக்கு தெக்கா 800 கிலோமீட்டருக்கு மேல செதறி கெடக்கு, ஜனங்க இருக்கறது அதுல 200-க்கு கொஞ்சம் கம்மியான தீவுல, அந்த ஒவ்வொண்ணுக்கும் தனி டீசல் இன்ஜின், தனி டேங்க், தனி லைன். கடல்ல கேபிள் போட்டு எல்லாத்தையும் சேத்துடலாமேன்னு நானும் போன புதுசுல நினைச்சேன், ஆயிரம் பேரு இருக்கற தீவோட லோடுக்கு அந்த செலவு எந்த ஜென்மத்துல திரும்ப வரும்?

இங்க மேட்டூர் தெர்மல்ல ஒரு 210 மெகாவாட் யூனிட் ட்ரிப் ஆச்சுன்னா நம்ம வீட்டு ஃபேன் கூட அசராம சுத்தும், ஏன்னா 2013 டிசம்பர் கடைசில தென்னிந்திய கிரிட்டை, அதாவது பவர் ஸ்டேஷன் எல்லாத்தையும் இணைக்கற லைன் வலையை, நம்ம நாட்டோட மத்த பகுதி கிரிட்டோட சேத்தாச்சு, ஒருத்தன் விழுந்தா தோள் குடுக்க அவ்ளோ பேரு இருக்கான். தீவுல ரெண்டு மிஷின் ஓடிட்டு இருக்கறப்ப ஒண்ணு நின்னுச்சுன்னா, ஏர்ல ஒரு மாடு படுத்துட்ட மாதிரி, மொத்த பாரமும் இன்னொண்ணு மேல ஏறி அதுவும் ஓவர்லோடுல படுத்துடும், ஊரே இருட்டு. சின்ன ஊரு, சின்ன லோடு, அதனால ஈஸின்னு நினைக்கறாங்க பாருங்க, அது சுத்த தப்பு. சின்னதா இருக்கறதுதான் கஷ்டமே.

சோலார் போட்டா டீசல் மிச்சம்னு பேப்பர்ல எழுதறது சுலபம். மத்தியானம் நல்ல வெயில், பேனல் முழுசா குடுக்குது, அப்ப டீசல் மிஷின் லோடு குறைஞ்சுட்டே வரும். 30 சதவீதத்துக்கு கீழ ரொம்ப நேரம் ஓட்டுனா உள்ள டீசல் சரியா எரியாது, கரி பிடிக்கும், சைலன்ஸர்ல எண்ணெய் கசியும். அதனால கன்ட்ரோலர் சோலாரை அடக்கி வைக்கும், சும்மா கெடைக்கற கரண்ட்டை வேணாம்னு சொல்லிட்டு காசு போட்டு டீசல் எரிப்போம்! அப்ப மிஷினை நிறுத்திடலாமேன்னா, ஒரு மேகம் போதும். மேகம் சூரியனை மறைச்சதும் பேனல் அவுட்புட் சில செகண்டுல பாதிக்கு கீழ போயிடும். எங்க பவர்ஹவுஸ்ல ஒரு பெரியவர் ஆபரேட்டரா இருந்தாரு, வானத்தை பாக்கவே மாட்டாரு, உள்ள உக்காந்து டீ குடிச்சுட்டே இன்ஜின் சத்தம் கனக்குறத வச்சு "மேகம் வந்துடுச்சு"ம்பாரு. பேட்டரி வச்சதுக்கு அப்புறம்தான் அந்த சில நிமிஷத்தை பேட்டரி தாங்கிக்கிச்சு. பேட்டரின்னா ராத்திரி பூரா ஓடத்தான்னு நினைப்போம், அங்க அது பண்ண பெரிய உபகாரம் இந்த மேக நேரத்துலதான்.

பேனல் வைக்க இடமும் கிடையாது. இங்க ஊத்தங்கரை பக்கம் வானம் பாத்த பூமி எவ்ளோ கெடக்கு, அங்க ஸ்கூல் கூரை, பவர்ஹவுஸ் கூரைன்னு எண்ணி எண்ணித்தான் வைக்கணும். உப்புக்காத்து வேற. ஒரு தடவை டிசைன்ல எஸ்.எஸ். 316 (சுலபமா துரு பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுன்னு எழுதியிருந்தும் விலை கம்மின்னு மேல இருக்கறவங்க ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) போல்ட்டை அனுப்பிட்டாங்க, கொஞ்ச நாள்லயே செம்பழுப்பா பூத்து, ஸ்பேனர் வச்சா தலை மட்டும் கையோட வருது. மாத்த போல்ட் வேணும்னா தலைநகரம் மாலேல இருந்து படகு வரணும், தென்மேற்கு பருவக்காத்து சமயத்துல கடல் கொந்தளிச்சா படகு எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியாது. டீசலும் அப்படித்தான் வரும், படகுல இருந்து ஹோஸ் போட்டு டேங்குக்கு ஏத்திட்டு டிப் ராடு விட்டு அளப்போம். ஒரு லிட்டருக்கு மூணரை யூனிட் வந்தா நல்ல மிஷின்.

ஊர்ல பெண்ணாகரம் பக்கம் லைன்மேனா இருக்கற எங்க மாமா ஃபோன்ல கேப்பாரு, "ஏன்டா, உங்க தீவுக்கு மொத்தமா எவ்ளோடா லோடு?" "பீக்ல முன்னூறு கிலோவாட் வரும் மாமா." "அடப்பாவி, இங்க ஒரு மாங்கூழ் ஃபேக்டரி அதுக்கு மேல இழுக்குமேடா, இதுக்கா ஏரோப்ளேன்ல போன?"

தண்ணியும் கரண்ட்டும் ஒண்ணுன்னு அங்க போய்த்தான் உறைச்சுது, கடல்தண்ணிய குடிதண்ணியா மாத்தற மிஷின் கரண்ட்லதான ஓடுது. 2014 டிசம்பர்ல மாலே கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைல தீ பிடிச்சு தலைநகரத்துக்கே குடிதண்ணி இல்லாம, இந்தியா ப்ளேன்லயும் கப்பல்லயும் தண்ணி அனுப்புச்சு. நமக்கு இது புதுசா என்ன? ஃப்ளோரைடு தண்ணி குடிச்சு பல்லு கறையேறுன ஊருக்கெல்லாம் ஒகேனக்கல் தண்ணி மோட்டார் வச்சு மேடு ஏத்தித்தான வருது.

எல்லா தீவுக்கும் ஒரே மருந்து கிடையாது. மொரிஷியஸ்ல கரும்பு இருக்கு, சக்கையை எரிச்சு கரண்ட் எடுக்கறாங்க, கரும்பு இல்லாத சீசன்ல அதே ப்ளான்ட்ல நிலக்கரி போடறாங்க. நியூசிலாந்து ஆட்சிக்கு கீழ இருக்கற டோக்கலாவ்ல மூணே பவளத்தீவு, 2012-ல கிட்டத்தட்ட முழுசா சோலாருக்கு மாத்துனாங்க. சந்தோஷம்தான், ஆனா இருபத்திநாலு மணி நேரமும் கரண்ட் நிக்காம வந்தா வீட்டுக்கு வீடு ஃப்ரீஸர், ஏசி வரும், நான் கண்ணால பாத்தது. அதனால நாளைக்கு இந்த ஊரு என்ன வாங்கும்னு யோசிக்காம போடற ப்ளான் ரிப்பன் வெட்டுற அன்னைக்கே பழசு.

போன மாசம் மலைக்கிராமத்துக்கு ஒரு மினி கிரிட், அதாவது அந்த ஊருக்கு மட்டும் தனி கரண்ட் ஏற்பாடு, அதுக்கு கொட்டேஷன் வேணும்னு ஒருத்தர் வந்தாரு. இங்க கோட்டூர் மலைக்கு ஓட்டு மிஷினையே கழுதை மேல ஏத்துனவங்க நாம, அதுவும் ஒரு தீவுதான். எத்தனை கிலோவாட்னு அவர் ஆரம்பிச்சாரு. நான் கேட்டது ரெண்டுதான்: பேட்டரி ஆயுசு முடிஞ்சா மாத்த காசு யாரு எடுத்து வைப்பா, இன்வெர்ட்டர் போனா மலை ஏறி வர ஆளு யாரு. மானியத்துல வருதுங்க, பாத்துக்கலாம்னாரு. அந்த ரெண்டுக்கும் பதில் எழுதி கொண்டாங்கண்ணா, அப்புறம் கிலோவாட் பேசலாம்னு அனுப்பிட்டேன், இன்னும் வரல.