கிட்டுக்கு மாறும்போது ஆவணங்களையும் மாற்றுவோம்

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து காக்கும் மென்பொருள்களில், சப்வெர்ஷனிலிருந்து (Subversion) கிட்டுக்கு (Git) மாறும் திட்டங்களில், நிரல் வரலாறு கவனமாக இடம்பெயர்க்கப்பட்டாலும், பங்களிப்போருக்கான வழிகாட்டிப் பக்கங்கள் பெரும்பாலும் பழைய கட்டளைகளோடே நின்றுவிடுகின்றன. ஒரு கட்டளையின் பெயரை நீக்கி இன்னொன்றை இட்டால் போதும் என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

சப்வெர்ஷனில் ‘கமிட்’ (மாற்றத்தைப் பதிவு செய்யும் கட்டளை) செய்தால் மாற்றம் உடனே மையச் சேவையகத்தைச் சென்றடையும். கிட்டிலோ அது நம் கணினியிலேயே பதிவாகிறது, ‘புஷ்’ செய்து சேவையகத்துக்கு அனுப்பிய பிறகுதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும். ‘ரிவர்ட்’ இன்னும் குழப்பமானது: சப்வெர்ஷனில் அது பதிவு செய்யாத திருத்தங்களைக் கைவிடுகிறது, கிட்டில், ஏற்கெனவே பதிவான ஒரு மாற்றத்தை நீக்கும் புதிய பதிவை உருவாக்குகிறது. ஆகவே வழிகாட்டியின் ஒவ்வொரு படியையும், திட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவரைப் போல நாமே செய்து பார்த்துத் திருத்தி எழுத வேண்டும்.

வழு அறிக்கைகளிலும் வெளியீட்டுக் குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கும், சப்வெர்ஷன் ஒவ்வொரு பதிவுக்கும் இட்ட வரிசையான திருத்த எண்களை நாம் மறந்துவிடக் கூடாது. கிட் அவற்றுக்குப் பதிலாக வழக்கமாக 40 எழுத்து அடையாளங்களைப் பயன்படுத்துவதால், பழைய எண்களையும் புதிய அடையாளங்களையும் இணைக்கும் பட்டியலை இடமாற்றத்தின்போதே தயாரித்து, நிரல் களஞ்சியத்திலேயே சேர்த்துவைக்க வேண்டும். பழைய சேவையகம் நிறுத்தப்பட்ட பின் அதைத் தொகுப்பது மிகக் கடினம்.