48,000 மணி நேரம்

காகித ஆலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு கியர் பாக்ஸின் உருளை பேரிங் ஏழே மாதத்தில் போய்விட்டது. அதைத் தேர்வு செய்தவன் நான். கணக்குப் போட்ட தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுமை 20 கிலோநியூட்டன், பேரிங்கின் தாங்குதிறன் 200. விகிதம் 10, அதை 10/3 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 2,154. இது பத்து லட்சம் சுற்றுகளில் வரும் கணக்கு, ஆக சுமார் 215 கோடி சுற்று. நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் ஏறக்குறைய 48,000 மணி நேரம். ஓடியதோ 5,000.

ஸ்வீடன் ஆய்வாளர்கள் லண்ட்பெர்க்கும் பாம்கிரெனும் 1947-இல் தந்த இந்த ஆயுள், தனியொரு பேரிங்குக்கான வாக்குறுதி அல்ல. ஒரே மாதிரியான நூறில் தொண்ணூறு அதைத் தாண்டும், அவ்வளவுதான். மீதிப் பத்தில் ஒன்று நமக்கு வாய்த்தது என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் அதே கணக்கின்படி, ஆயுளில் பத்தில் ஒரு பங்கு ஓடுவதற்குள் விழுவது நூறில் ஒன்றுகூட இல்லை. மனம் ஒப்பவில்லை.

மூத்த ஃபிட்டர் உள் வளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். "தடத்தைப் பாருங்க சார், ஒரு பக்கம்தான் தின்னிருக்கு." உருளை ஓடும் தடத்தில் ஒரு ஓரம் மட்டும் பொரிந்து உதிர்ந்திருந்தது. மறு ஓரம் புதுசு போல மின்னியது.

ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1882-இல் வகுத்த முறைப்படி நான் போட்ட தொடு அழுத்தம், அதாவது உருளை தடத்தைத் தொடும் இடத்து அழுத்தம், 1,040 மெகாபாஸ்கல். உலோகத்தை வெட்டப் பார்க்கும் விசையின் உச்சம் (வெட்டுத் தகைவு) மேற்பரப்புக்கு 0.12 மி.மீ. கீழே, விரிசல் பிறக்கும் ஆழம் அது. எண்ணில் பிழையில்லை. உருளையின் 20 மி.மீ. நீளமும் சுமையைச் சமமாகப் பகிரும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. உருளை துளி சாய்ந்தாலும் ஓரம் மட்டும் சுமக்கிறது. அழுத்தம் ஏற ஏற ஆயுள் ஏறக்குறைய ஏழாம் அடுக்கில் சரியும். ஓரத்தில் 40 சதவீதம் கூடினாலே 48,000 மணி 5,000 ஆகிவிடும்! அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது.

நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து ஃபவுண்டேஷன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். மூன்றாவது போல்ட்டில் கியர் பாக்ஸின் கால் 0.2 மி.மீ. எழும்பியது. அந்தக் கால் தளத்தில் சரியாக உட்காரவில்லை. போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் கியர் பாக்ஸின் கூடு முறுக்கிக்கொண்டிருக்கிறது, உருளையும் சாய்ந்திருக்கிறது. காலுக்குக் கீழே ஷிம் என்னும் மெல்லிய தகட்டை வைத்து, அதே எண் பேரிங்கைத்தான் மறுபடியும் போட்டோம்.

மூன்று வருடம் கழித்து ஷட்டவுனில் திறந்தோம். தடம் முழு அகலத்துக்கும் ஒரே சீராக மங்கியிருந்தது. கிரீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூத்த ஃபிட்டர் ஒன்றும் சொல்லாமல் கூட்டை மூடினார்.