ரிலே ஸ்டேஷன்காரனின் கதை

ஊர்க்காரர்கள் அதை ‘டிவி ஸ்டேஷன்’ என்பார்கள். ஸ்டுடியோ கிடையாது, கேமரா கிடையாது. ஒரு டிஷ், 100 வாட் டிரான்ஸ்மிட்டர், டவர், டீசல் ஜெனரேட்டர், லாக் புக். தென்மாவட்டக் கடலோரத்தில் நான் எஞ்சினியரிங் அசிஸ்டென்டாக இருந்த தூர்தர்ஷன் ரிலே நிலையம் அவ்வளவுதான். வேறெங்கிருந்தோ வருவதை வாங்கி அப்படியே மறு ஒளிபரப்புவதுதான் ரிலே. 100 வாட் என்பது வீட்டுக் குண்டு பல்பு இழுக்கும் மின்சாரம். அதை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்துக்கே படம் காட்டினோம். தள்ளியிருந்த கிராமங்களில் பூஸ்டரும் உயரக் கம்பத்து ஆன்டெனாவும் வைத்துப் பிடித்தார்கள்.

1983-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. அடுத்த ஆண்டே நாடெங்கும் இப்படிப்பட்ட நிலையங்கள் மளமளவென்று முளைத்தன. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கியிருந்தாலும், அதன் தமிழ் நிகழ்ச்சிகள் ஆரம்பத்தில் எங்களுக்கு எட்டவில்லை. செயற்கைக்கோளில் வந்தது டெல்லிதான். கடலுக்கு அந்தப் பக்கம் 1982-ல் தொடங்கிய இலங்கை டிவி ரூபவாஹினியோ எங்கள் ஊர் மொட்டைமாடிகளில் தானாகவே வந்து விழுந்தது. “சிலோன்காரன் தமிழ்ல காட்டுறான், நம்ம ஸ்டேஷன்ல இந்தி ஓடுதே, ஏன் சார்?” என்று நேரில் வந்தே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் கையில் இருந்தது டிரான்ஸ்மிட்டரை ஓடவிடுவது மட்டும். என்ன காட்டுவதென்று முடிவு செய்பவர் வேறு ஊரில் இருப்பார், அதற்குப் பதில் சொல்பவன் டீக்கடையில் மாட்டிக்கொள்வான்.

1987-ல் ஞாயிறு காலைகளில் ராமாயணம் தொடர் வந்தபோது மட்டும் மொழியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஊர் முழுக்கக் கரண்ட் போனால் எங்களுக்குக் கவலையில்லை, எல்லா வீட்டிலும் டிவி அணைந்திருக்கும். எங்கள் லைனில் மட்டும் போனால்தான் வம்பு. சனிக்கிழமை இரவே ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்போம். சென்னை சிக்னல் வரத் தொடங்கி, வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தெரிந்ததும் எங்கள் மதிப்பு இன்னும் உயர்ந்தது. அதிலும் எங்கள் பங்கு ஒன்றுமில்லை, அது வேறு விஷயம்.

1993-ல் சன் டிவி வந்தது. டிஷ்ஷுக்குக் கோணம் பிடிப்பது எப்படி என்று எங்களிடம் கேட்டுப் போன ரேடியோ மெக்கானிக் தம்பி ஊரின் கேபிள் ஆபரேட்டர் ஆனார். தனியார் சேனல்கள்தான் எங்களை முடித்தன என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. 1995 கேபிள் சட்டப்படி ஆபரேட்டர்கள் தூர்தர்ஷனையும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள், ஆனால் செயற்கைக்கோளிலிருந்து நேராக எடுத்து. 2004-ல் தூர்தர்ஷனே இலவச டிடிஎச் ஆரம்பித்தது. தூர்தர்ஷனின் தமிழ் சேனலான பொதிகையை விடாமல் பார்ப்பவருக்குக்கூட எங்கள் டவர் வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் மாலை டிரான்ஸ்மிட்டர் பழுதாகி நின்றது. முன்பெல்லாம் ஐந்து நிமிடத்தில் போன் அலறும். அன்று ஒருவரும் கூப்பிடவில்லை. பொறுமையாகச் சரிசெய்து, லாக் புக்கில் நேரத்தைக் குறித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

2022-க்குள் அனலாக் தரைவழி ஒளிபரப்பை, அதாவது எங்களைப் போல டவரிலிருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு அனுப்பும் பழைய முறையை, சில முக்கிய இடங்களைத் தவிர, நாடெங்கும் நிறுத்திவிட்டார்கள். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். அப்படி மூடிய நிலையங்கள் பலவற்றில் டவரைக் கழற்றவில்லை, ஆகாசவாணி எஃப்.எம்.முக்குக் கொடுத்தார்கள். அதுவும் ரிலேதான்.