கூடை தூக்குகிற கைக்குப் புழு வலிக்குமா?

பாலக்கோடு பக்கம் எங்களுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு, அதற்குத் தழை கொடுக்க ஒன்றரை ஏக்கர் மல்பெரி. போன ஆடியில் தழை அறுக்கும்போது அரிவாள் வழுக்கி இடது மணிக்கட்டின் உட்பக்கம் இறங்கிவிட்டது. முதலில் போன இடத்தில் தோலை மட்டும் தைத்து அனுப்பினார்கள். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துக் கிடந்தன. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார்கள். வீக்கம் வடிந்தது, அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து சேலத்தில் ஒரு கை அறுவை மருத்துவர் பார்த்தவுடனே, மணிக்கட்டு வழியாக அந்த விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு அறுந்திருக்கிறது என்றார். இணைத்துத் தைத்தார். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். விரல் நுனி வரை கணக்குப் போட்டால் ஆறு மாதம். உள்ளங்கையைத் தட்டினால் சுருக்கென்று கரண்ட் அடிக்கும் இடம் மாதத்துக்கு மாதம் விரல் பக்கம் நகர்ந்தது. நரம்பு வருகிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மரத்த கை மெல்லத் தேறும் என்றுதான் நினைத்திருந்தேன். மார்கழியில், கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவப் புழுக்களை இடம் மாற்றப் போனேன். உள்ளங்கையில் ஒன்று ஊர்ந்ததும் மிளகாய்த்தூள் தேய்த்த மாதிரி எரிந்தது. சட்டைக் கை உரசினாலும் எரிச்சல், தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் தழைக்கூடையை இறுக்கிப் பிடித்தால் ஒன்றுமில்லை. “கூடை தூக்கற கைக்குப் புழு வலிக்குதா?” என்று அம்மா கேட்டார். நடிப்பதாகவே வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

பிசியோதெரபி கொடுக்கும் பெண்தான் விளக்கினார். “அண்ணா, இதுக்குப் பேரே இருக்கு, அல்லோடினியா.” மெல்லிய தொடுதலைக் கொண்டுபோக வேறு நரம்பிழைகள், வலிக்கு வேறு. காயத்துக்குப் பிறகு தண்டுவடத்தில் வலிச் செய்தியை மேலே அனுப்பும் செல்கள் உஷாராகவே இருந்து, வெறும் தொடுதலையும் வலி என்று அனுப்பிவிடுமாம். அம்மாவையும் அழைத்துப் போய் இதைக் கேட்க வைத்தேன். அன்றைக்குப் பாதி வலி போனது போலிருந்தது.

இன்னொரு கூத்து: நடுவிரலைத் தொட்டால் கட்டைவிரலில் தெரிந்தது. திரும்ப வளர்ந்த இழைகள் விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மூளைதான் புதிதாகப் பழக வேண்டும்.

இரவுக்கு, நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை. காலையில் தலை சுற்றும், அப்போது வண்டி ஓட்டாதீர்கள்; நான் ஓட்டி வேலியில் விட்டேன். பயிற்சிக்கு முதலில் பட்டுத் துணி, அப்புறம் பஞ்சு, துண்டு, கடைசியில் கோணிச்சாக்கு. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம், தினம் நாலைந்து முறை தேய்க்க வேண்டும். முதல் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். பிறகு குண்டான் ராகிக்குள் பத்துப் புளியங்கொட்டைகளைப் போட்டுத் தேடுவது. முதலில் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு.

இப்போது புழு ஊர்ந்தால் கூசுகிறது, எரிவதில்லை. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போனால் கூட்டை அழுத்திப் பார்க்க வலது கைதான். கெட்டிக் கூடும் மெலிந்த கூடும் இடது கைக்கு இன்னும் ஒன்றுதான். போன வாரம் கண்ணை மூடி எட்டுக் கொட்டை எடுத்தேன். ஒன்பதாவது என்று நினைத்து எடுத்தது கல்.