அக்கா வீடு அந்தப் பக்கம்

கடலூரில் பாண்டி பஸ் ஏறினால் பெண்ணையாற்றுப் பாலம், எங்கள் ரெட்டிச்சாவடி, அப்புறம் முள்ளோடை. அங்கே மாநிலம் மாறிவிடும். போர்டு பார்க்கத் தேவையில்லை, வரிசையாக ஒயின் ஷாப்பும் பெட்ரோல் பங்கும் வந்தால் பாண்டிதான். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று நம்ம டிஎன் 31 வண்டிகளும் அங்கேதான் நிற்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த எல்லை என்றால் பாட்டில்தான். கடலூர் போகிற பஸ்ஸை ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிறுத்திப் பைகளைப் பார்ப்பார்கள். ஒருநாள் என் பக்கத்து சீட்டுப் பெரியவரின் கட்டைப்பையில், முருங்கைக்கீரைக்கு அடியில் இரண்டு குவார்ட்டர். "கால் வலிக்குத் தடவங்க சார்" என்றார். போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பாட்டில்கள் இறங்கிவிட்டன, பெரியவரும் கீரையும் மட்டும் கடலூர் வந்தார்கள்.

ஒரு காலத்தில் இந்த எல்லையில் ஆளையே பிடித்தார்கள். 1908இல் பிரெஞ்சுப் பாண்டிக்குப் போன பாரதியார், 1918 நவம்பரில் பிரிட்டிஷ் பக்கம் திரும்பியதும் கைதாகி, கடலூர் சிறையில் இருந்தார். சாராயம் தவிர உங்க ஊரில் என்ன இருக்கு என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

எனக்கு எல்லை என்றால் அக்கா. பாகூரில் கட்டிக்கொடுத்தோம், போன் பண்ணிவிட்டுக் கிளம்பினால் உலை கொதிப்பதற்குள் போய்விடலாம். 2020 ஊரடங்கில் அதுவும் நின்றது. இ-பாஸ் கிடைக்கவில்லை. அம்மா பொறுக்காமல் கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியோடு முள்ளோடைத் தடுப்புக்கே நடந்துவிட்டாள். அந்தப் பக்கம் அக்கா வந்து நின்றாள். காவலர் மூடியைத் திறக்கச் சொன்னார். மாஸ்க்கையும் தாண்டி வாசனை போயிருக்க வேண்டும். சட்டியை அவரே வாங்கி அந்தப் பக்கம் நீட்டினார். "இளைச்சிட்டடி" என்று அம்மா இங்கிருந்து கத்தினாள். அக்கா ஒன்றும் இளைக்கவில்லை.

இப்போது பிரச்சினை என் பையன். பாண்டி நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. இரண்டு நாளும் அங்கே லீவு. சுதந்திர தினத்தோடு சேர்த்து இரண்டு நாள் லீவு என்று அக்கா பிள்ளைகள் இங்கே வந்து இறங்கிவிடுவார்கள். இவன் மட்டும் பதினாறாம் தேதி யூனிஃபார்ம் போட வேண்டும். காலையிலேயே வயிற்றுவலி வந்துவிடும்.

"அவங்களுக்குத்தான்டா லீவு, உனக்கென்ன?" என்றால், "பெரியம்மா வீடு பாண்டிதானே?" என்கிறான். அம்மாவும் அவன் கட்சி.