எதிர்வீட்டு இருபது டாலர்

மார்ச் 9, 2024, சனி. சாக்ரமென்டோ

காலையில் எதிர்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு பழைய மருந்துப் புட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு தங்கக் காசு. "நீ காசு சேர்க்கிறவன்தானே, பார்த்துச் சொல். கூரை ஒழுகுகிறது. விற்றால் என்ன தேறும்?" எண்பதைத் தாண்டியவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை வைத்திருப்பது குற்றமில்லையே?" என்றார்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 1933 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவின் பயம் இன்னும் அந்த வீட்டில் மிச்சமிருக்கிறது. தங்கத்தையெல்லாம் வங்கியில் ஒப்படைத்துவிட்டு அவுன்ஸுக்கு 20.67 டாலர் வாங்கிக்கொள்ளச் சொன்ன உத்தரவு அது. அதிலேயே ஆளுக்கு 100 டாலர் மதிப்புக்குத் தங்கக் காசு வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கும் இருந்தது. 1974 முடிவோடு மிச்சத் தடையும் போய்விட்டது. இன்று இந்தக் காசை வைத்திருப்பது குற்றமே இல்லை என்றேன். அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

காசு 'டபிள் ஈகிள்', அமெரிக்காவின் பழைய இருபது டாலர் தங்கக் காசு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த சுதந்திர தேவியின் தலை, கீழே 1876. மறுபக்கம் கழுகு, அதன் வாலுக்குக் கீழே சின்னதாக ஓர் 'எஸ்'. சான் பிரான்சிஸ்கோ நாணய அச்சகம். அந்த இடத்தில் 'சிசி' இருந்திருந்தால், அதாவது நெவாடாவின் கார்சன் சிட்டியில் அடித்த காசாக இருந்திருந்தால், கூரையோடு சேர்த்து வீட்டுக்கு வெள்ளையும் அடித்திருக்கலாம். 1876இல் 'எஸ்' காசு 15,97,000 அடித்தார்கள். 'சிசி' ஒன்றரை லட்சம்கூட இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

முதலில் தங்கம்தானா என்று பார்த்துவிட வேண்டும். நம் ஊராக இருந்தால் ஆசாரி உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துச் சொல்லிவிடுவார். இந்தக் காசில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் அதற்கும் விலை குறையும்.

சமையலறைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து முள்ளைப் பூஜ்யமாக்கினேன். காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். காட்டியது 1.94 கிராம். வெளியே எடுத்து நிறுத்தால் 33.36. வகுத்தால் 17.2 வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு தங்கம், பத்து செம்பு என்றால் வர வேண்டிய கணக்கு அதுதான்.

அச்சகத்தை விட்டு வரும்போது இதன் எடை 33.436 கிராம். 0.08 குறைகிறது. புழக்கத்தில் தேய்ந்திருக்கும் என்று எழுதிவைத்தேன்.

தங்கமாக இருப்பதாலேயே காசு அசலாகிவிடாது. 1950, 60களில் லெபனானில் சரியான மாற்றுத் தங்கத்திலேயே போலிகள் அடித்தார்கள். தங்கத்தின் விலையைவிடக் காசின் விலை கூடுதல், அந்த வித்தியாசம்தான் அவர்களுக்கு லாபம். அப்படிப்பட்டதில் எழுத்தோரங்கள் மழுங்கியிருக்கும், படமில்லாத வெற்றிடத்தில் சிறு கட்டிகள் தெரியும், எல்லாக் காசிலும் ஒரே இடத்தில் ஒரே பள்ளம் விழுந்திருக்கும். இதில் நட்சத்திரங்களின் முனை கூர்மையாக நிற்கிறது. கழுத்தின் வெட்டில், காசை வடிவமைத்த லாங்கேகரின் 'ஜேபிஎல்' எழுத்துகள் தெளிவு. கழுகுக்குக் கீழே 'ட்வென்டி டி.' என்று டாலரைச் சுருக்கியிருக்கிறார்கள். 1866 முதல் 1876 வரை அப்படித்தான், அடுத்த வருஷம் முழுதாக எழுத ஆரம்பித்தார்கள். அசல் என்றே மனசு சொல்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

இரவு பத்து மணிக்கு மேசை விளக்கு, பத்து மடங்கு லென்ஸ். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டேன். கிரேடு போட, அதாவது காசின் நிலைக்கு மதிப்பெண் போட, ஒற்றை விளக்குதான் வேண்டும்.

காசை மெதுவாகச் சாய்த்துச் சுற்றினால் புதுக் காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரம் போல ஓடும். இதில் வெற்றிடங்களில் ஓடுகிறது. நெற்றிக்கு மேலுள்ள சுருள்முடியிலும் கிரீடத்தின் நுனியிலும் வந்து நின்றுவிடுகிறது. அங்கே நிறம் கொஞ்சம் மங்கல். மறுபக்கம் கழுகின் கழுத்திலும் இறக்கை நுனியிலும் அதே மங்கல். ஆக, கொஞ்சம் கை பட்டிருக்கிறது. கன்னத்திலுள்ள வெட்டுகள் வேறு கணக்கு. ஒரு பையில் நூற்றுக்கணக்கில் போட்டுக் குலுக்கி அனுப்பிய கனமான மெதுதங்கம், ஒன்றையொன்று கடித்துத்தான் இருக்கும். தேய்வு வேறு, காயம் வேறு. புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

என் கணக்கு: ஏயூ 58. புழங்காததற்கு ஒரு படி கீழே. சத்தியமாகச் சொல்கிறேன், புழங்காத வகையே ஆனாலும் கன்னமெல்லாம் வெட்டுப்பட்ட எம்எஸ் 61ஐவிட ஒரு நல்ல 58 பார்க்க அழகு. ஆனால் விலை அழகைக் கேட்டு வருவதில்லை. ஒன்று முதல் எழுபது வரையான இந்த அளவுகோலை 1949இல் ஷெல்டன் என்ற காசு ஆய்வாளர் பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காகப் போட்டார். எழுபது வாங்கும் காசு ஒன்று வாங்கும் காசைப் போல எழுபது மடங்கு பெறும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு எப்போதோ செத்துப்போயிற்று, எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த 'ட்வென்டி டி.' வகையில் 60, 61 வரை விலை மெல்ல நடக்கும், 63இல் தாண்டிக் குதிக்கும், 65 கண்ணில் படுவதே அபூர்வம்.

தங்கம் இன்று அவுன்ஸ் 2,160 டாலர் அளவில். காசுக்குள் 0.9675 அவுன்ஸ். உருக்கினாலே 2,090. நல்ல 58 என்றால் அதற்கு மேல் சில நூறு வரும். கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பிப் பெட்டியில் அடைத்து வாங்கிவிடலாம் என்று அம்மாளிடம் சொல்ல நினைத்திருக்கிறேன்.

மார்ச் 16, சனி

அம்மாவோடு வாராந்திரப் பேச்சு. காசின் கதையைச் சொன்னேன். தேதி, அச்சகம், கிரேடு எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"எத்தனை பவுன்டா?"

"நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேல."

"நயன் ஒன் சிக்ஸா?"

"இல்லம்மா, தொள்ளாயிரம்."

"மாத்துக் கம்மி." கொஞ்ச நேரம் யோசித்தாள். "வளையம் இருக்கா?"

"என்ன வளையம்?"

"காசுன்னா சும்மா புட்டியிலயா போட்டு வப்பாங்க? அம்மாயி காசுமாலையில இருந்த ராஜா தலைக் காசுக்கெல்லாம் வளையம் உண்டே. உங்க அக்கா கல்யாணத்துக்கு அறுத்து எடுத்தோமே, ஞாபகமில்லையா?"

போனை வைத்ததும் நேரே மேசைக்குப் போனேன். ஒரு வாரமாக முகத்தையும் கழுகையும் பார்த்தவன் விளிம்பைச் சரியாகப் பார்க்கவே இல்லை. காசைச் செங்குத்தாக நிறுத்தி, லென்ஸை வைத்து, ஒவ்வொரு வரியாகச் சுற்றிவந்தேன். தேவியின் கிரீடத்துக்கு நேர் மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், விளிம்பின் பற்கள் ஏழெட்டு மழுங்கியிருந்தன. அதை ஒட்டிய தங்கம் ஒரு சாயல் வெளிறல். வளையத்தைப் பொடி வைத்து ஊதி ஒட்டி, பிறகு அறுத்து எடுத்து, அரத்தால் ராவிச் சமப்படுத்திய இடம். நல்ல வேலைக்காரன், கை தெரியாமல் செய்திருக்கிறான்.

அந்த 0.08 கிராமும் இப்போது விளங்கிவிட்டது. 58இல் அவ்வளவு தேயாது. ஞாயிற்றுக்கிழமையே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காசுமாலை புழங்கிய வீட்டில் பிறந்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டேனே என்றுதான் எரிச்சல்.

இனிமேல் அனுப்பினாலும் எண் கிடைக்காது. 'ஏயூ டீட்டெயில்ஸ், மவுன்ட் நீக்கப்பட்டது', அதாவது வளையம் எடுத்த காசு என்று சீட்டு எழுதி வரும். கிரேடிங் கட்டணமும் தபால் காப்பீடும் தண்டம்.

மார்ச் 17, ஞாயிறு

அம்மாளிடம் சொன்னேன். லென்ஸைக் கொடுத்து இடத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். எதுவும் பேசாமல் எழுந்துபோய் ஓர் ஆல்பத்தோடு வந்தார். அதில் அவருடைய பாட்டி, கறுப்பு உடுப்பு, நாற்காலி, இறுக்கிய வாய். கழுத்துச் சங்கிலியில் வட்டமாக ஒன்று தொங்குகிறது. இன்ன காசு என்று படத்தில் தெரியாது, ஆனால் அளவு சரியாக இருக்கிறது.

"அப்பா சங்கிலியை விற்றார், எனக்கு ஞாபகமிருக்கிறது" என்றார். "இதை ஏன் விற்கவில்லை என்று கேட்டதே இல்லை."

இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு புதையல் கனவு உண்டு. 2013இல் மலையடிவாரத்தில் நாயோடு நடக்கப்போன தம்பதிக்கு எட்டுத் தகர டப்பாக்களில் 1,427 தங்கக் காசுகள் கிடைத்ததல்லவா, அதிலிருந்து. அந்தக் காசுகள் பெரும்பாலும் யார் கழுத்திலும் ஏறாமல் மண்ணுக்குள் போனவை. விலை அதற்குத்தான்.

மார்ச் 23, சனி

இரண்டு கடைக்கு அழைத்துப் போனேன். முதல் கடைக்காரர் விளிம்பைப் பார்க்காமலே 1,900 என்றார். நாங்களாகவே வளைய விஷயத்தைச் சொன்னதும் 1,850க்கு இறங்கினார். அம்மாள் காசைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இரண்டாவது கடையில் ஓர் இளம்பெண். எடுத்ததுமே விளிம்பைத்தான் பார்த்தாள். "மாட்டியிருந்தது" என்றாள், தராசில் வைத்தாள், அன்றைய விலையைத் திரையில் எங்களுக்கும் திருப்பிக் காட்டினாள். 2,030. எடைக் கணக்குப்படி உருக்கு விலை 2,090ஐ ஒட்டி வருகிறது, அவளும் பிழைக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

அவள் காசை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதே போன்ற இருபதுகள் அடுக்கிய தட்டில் செருகினாள். ஒரு நிமிஷத்தில் எது எங்களுடையது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாள் காசோலையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேசையில் விட்ட மருந்துப் புட்டியைப் பஞ்சோடு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கூரைக்காரர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள்.