பன்பாயில் இருந்து அம்புலி வரை: திருகோணமலை நாட்குறிப்பு

ஓகஸ்ட் 18, 2025

பிறந்த பிள்ளைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரைதான். மடியில் கிடந்து பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரமும் ஏறக்குறைய அதுவே. முகட்டில் தொங்கும் வண்ணப் பொம்மை அதுக்கு வெறும் மங்கல். காது அப்படியில்லை, தாயின் குரலைப் பிறந்த சில நாளிலேயே பிரித்தறியும்.

நித்திரையில் சிரித்தால் "நரி வெருட்டுது" என்பார்கள். அது யாரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில்லை. முகம் பார்த்துச் சிரிப்பது 6 - 8 கிழமையில் வரும்.

ஓகஸ்ட் 27

நித்திரைக்கு மல்லாக்க, விழித்திருக்கும்போது குப்புற. இதை மாற்றிச் செய்யக்கூடாது.

பால் கொடுத்து அரை மணித்தியாலம் போகட்டும். சீமெந்துத் தரையில் பன்பாயை விரியுங்கள். மெத்தை வேண்டாம், முழங்கை புதைந்தால் ஊன்ற வராது. துவாயைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்து, இரண்டு கையையும் அதுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். முதலில் 2 - 3 நிமிடம் போதும். பல தடவையாகக் கூட்டி நாளொன்றுக்கு 30 நிமிடம் வரவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அழுதால் தூக்குமுன் நீங்களும் எதிரே படுத்து முகத்தைக் காட்டிப் பாருங்கள். பாதி அழுகை அதோடு நிற்கும். கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏணைக்குள் கிடந்தால் முதுகு வளைந்தபடி இருக்கும், கை தரையைத் தொடாது. பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் 5ஆம் மாதம்: ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. அந்தக் கையும் கழுத்தும் பாயில்தான் பலப்படும்.

செப்டெம்பர் 9

கிளினிக் நாளில் அதிகம் கேட்கும் வசனம்: "அடுத்த வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்திட்டுது." உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடியில்லாமல் உட்கார்ந்திருப்பது 3.8 முதல் 9.2 மாதம் வரை, தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் நாலுகாலில் தவழாமலே நடந்திருக்கிறார்கள். ஆக, ஒரு நாளைக் குறித்துவைத்துக் கவலைப்படுவது வீண்.

குறைமாதப் பிள்ளைக்கு 2 வயதுவரை, முந்திப் பிறந்த கிழமைகளைக் கழித்துத்தான் வயதை எண்ணவேண்டும். 32 கிழமையில், அதாவது 8 கிழமை முந்திப் பிறந்தது 6 மாதத்தில் இருந்தால், அதை 4 மாதப் பிள்ளையாகப் பாருங்கள்.

வோக்கர் வேண்டவே வேண்டாம். அது நடை பழக்காது. நுனிக்காலால் உந்தத்தான் பிள்ளை பழகும், படியிலும் அடுப்படியிலும் விபத்து வேறு. கனடாவில் 2004இலேயே விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள்.

செப்டெம்பர் 22

பத்து, பட்டு. இந்த வேறுபாட்டை எந்த நாட்டுப் பிள்ளையும் 6 - 8 மாதத்தில் கேட்டுப் பிரிக்கும். கனடாவில் ஜெனட் வேர்க்கரும் ரிச்சட் டீஸும் 1984இல் ஹிந்தியின் இதே த, ட ஒலிகளை வைத்துச் சோதித்தார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலானவை 10 - 12 மாதத்தில் அந்தத் திறனை இழந்திருந்தன. கேட்காத ஒலியை மூளை கழித்துவிடுகிறது.

வீட்டில் தமிழும் அயலில் சிங்களமும் கேட்டால் பேச்சு பிந்தும் என்பது வீண்பயம். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ணுங்கள். ஆனால் கைபேசி மொழி பழக்கும் என்று நம்ப வேண்டாம். 2003இல் அமெரிக்க ஆய்வாளர் பற்றிசியா கூல் குழுவினர் 9 மாதப் பிள்ளைகளுக்குச் சீன ஒலிகளைக் கேட்கவைத்தபோது, நேரில் ஆள் இருந்து பேசியதில் கற்றார்கள். அதையே திரையில் காட்டியபோது கற்கவில்லை.

ஒக்டோபர் 6, போயா (பௌர்ணமி)

டச்சுக் குடாக் கரையில் அம்புலி காட்ட நல்ல நாள். பிள்ளை நிலாவைப் பார்க்குதா, உங்கள் விரலையா? சின்னப் பிள்ளை விரலைத்தான் பார்க்கும். ஒரு வயதை ஒட்டி, கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சுட்டினால் அந்தப் பக்கம் பார்க்கும். முதுகுக்குப் பின்னால் சுட்டினால் திரும்பிப் பார்க்க ஏறத்தாழ 18 மாதமாகும். அதனால் நிலாவுக்கு முகம் கொடுத்தபடி தூக்கி வைத்திருங்கள்.

பிள்ளை தானே சுட்டுவதையும் கவனியுங்கள். "தா" என்று சுட்டுவது ஒன்று, "பார்" என்று சுட்டி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பேச்சுக்கு வாசல். 18 மாதமாகியும் சுட்டாவிட்டால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், காதையும் சோதிக்கக் கேளுங்கள். வந்த சொல் மறைந்து போனால் எந்த வயதானாலும் அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.